மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தவர்கள்: ஒரு சேர்க்கைக் குழுவுக்குத் திறந்த மடல்

சேர்க்கைக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

“நேர்காணலில் நீங்கள் சிறப்பாகப் பேசினீர்கள். இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிட்டபடியால் உங்கள் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.” சென்ற வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணுக்கு வந்த மின்னஞ்சலில் இருந்த வரிகள் இவை. அவளை நீங்கள் எம்.பி.ஏ. சேர்க்கை நேர்காணலுக்கு அழைத்தது ஏப்ரல் மாதத்தில், கடைசிக் கட்டத்தின் கடைசி நாளில், மாலை ஐந்தேகாலுக்கு. அழைக்கும்போதே இடங்கள் பெரும்பாலும் நிரம்பியிருந்தன. அது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

கல்லூரியின் பெயரை நான் எழுதவில்லை. படிக்கிற உங்களுக்கு அது நீங்கள்தான் என்று தெரிந்துவிடும். இதையே செய்கிற வேறு சிலரும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டால் அதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் ஏழு வருடம், எம்.பி.ஏ. சேர்க்கை நடக்கும் மாதங்களில், வெளியிலிருந்து வந்த உறுப்பினராக உங்கள் நேர்காணல் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பெரம்பூரில் என் வீட்டு மாடியில் எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு நேர்காணலில் பேசப் பழக்குகிறேன். காசு வாங்குவதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற ஒரே தகுதியில்தான் எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தரும் மதிப்பெண் தாளைத் தவிர, ஒவ்வொரு வருடமும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எனக்கென்று குறிப்பு எழுதி வைப்பேன். உத்தியோகப் பழக்கம். அந்த ஏழு நோட்டுகளும் பீரோவில் இருக்கின்றன. அந்த மின்னஞ்சலை அந்தப் பெண் எனக்குக் காட்டிய அன்று இரவு அவற்றை எடுத்துப் புரட்டினேன். காலை ஒன்பதரைக்கு வந்த பையனைப் பற்றி அரைப்பக்கம் இருக்கிறது: “அப்பா ஆவின் பூத். கணக்கு சுத்தம். கேள்வி புரியாதபோது புரியவில்லை என்றான், பிடித்தது. சம்பளம் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டான்.” பதினொன்றரைக்கு வந்தவளுக்கு ஐந்து வரி. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு வரி. நாலு மணி தாண்டியதும் ஒரே ஒரு சொல்: “பரவாயில்லை.” அடுத்தவர், “பரவாயில்லை.” அதற்கடுத்தவர், “பரவாயில்லை, நல்ல குரல்.”

சாப்பாட்டுக்கு முன்னால் அந்தச் சொல் அங்கொன்று இங்கொன்று. மாலையில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான். ஏழு வருடமும் இதே கதை. மாலையில் வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வார்ப்பில் வார்த்தவர்களா என்ன? ஒரு நாளைக்குப் பதினெட்டு பேர், ஆளுக்கு இருபது நிமிடம், நடுவில் உங்கள் கேண்டீன் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். மூன்று மணிக்கு ஏசி அறையில் கண் செருகியது எனக்கு. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் இருந்ததும் நான்தான். அந்தப் பிள்ளைகள் யாரும் இன்று என் முகத்தை நினைவு வைத்திருக்கப் போவதில்லை. எனக்குத்தான் இப்போது அந்த நோட்டைத் திறக்கக் கஷ்டமாக இருக்கிறது.

களைப்பு ஒன்று என்றால் கணக்கு இன்னொன்று. பத்துக்கு ஒன்பது மதிப்பெண்ணை மதியத்துக்குள் நாலு பேருக்குப் போட்டுவிட்ட ஒரு நாளில், ஐந்தாவதாக ஒரு நல்ல பெண் வந்தாள். அவள் வெளியே போனதும் பக்கத்தில் இருந்த பேராசிரியர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே சொன்னார்: “இன்னைக்கு ஏற்கெனவே நாலு ஒம்போது போட்டாச்சு மேடம். இதுக்கும் ஒம்போதுன்னா ஆபீஸ்ல நாம தாராளமா போடுறோம்னு நினைப்பாங்க.” ஏழு போட்டோம். ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் ஒன்பது என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. நாங்களே எங்கள் தலைக்குள் ஒரு வரம்பு போட்டுக்கொண்டோம். முந்தின நாள், சுமாரானவர்களுக்கு நடுவில் வந்திருந்தால் அவளுக்கு ஒன்பதுதான்.

இது எங்கள் மேஜையின் தனி வியாதி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2013-இல் ‘சைக்கலாஜிகல் சயின்ஸ்’ என்ற ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை இதையேதான் பேசுகிறது. பத்து வருடங்களில் நடந்த 9,000-க்கும் மேற்பட்ட எம்.பி.ஏ. நேர்காணல்களின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு முன்னால் வந்தவர்கள் அதிக மதிப்பெண் வாங்கியிருந்தால், அடுத்து வருபவருக்கு, அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், மதிப்பெண் இறங்குகிறது. அந்த இறக்கத்தை ஈடுகட்ட, எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜி.மேட்டில் ஏறக்குறைய 30 மதிப்பெண் கூடுதலாக வேண்டியிருக்கும் என்று கணக்கும் சொல்கிறார்கள். ஜி.மேட்டில் 30 ஏற்ற ஒரு பிள்ளை எத்தனை மாதம் படிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

இஸ்ரேல் நீதிபதிகள் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு கருணை காட்டினார்கள் என்ற 2011-ஆம் வருட ஆய்வையும் பலர் மேற்கோள் காட்டுவார்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. வழக்குகள் வந்த வரிசையே இயல்பாக அமைந்ததல்ல என்று அதற்கு வலுவான மறுப்பு வந்திருக்கிறது. என் நோட்டுப் புத்தகமே எனக்குப் போதும்.

இதுவரை சொன்னது மனிதப் பலவீனம். உங்கள் மேல் மட்டும் பழி போட எனக்கு வாய் இல்லை, நானும் கூட்டு. ஆனால் இந்த வருடம் நீங்கள் எடுத்த முடிவு பலவீனத்தில் சேராது. உட்கார்ந்து பேசி, சுற்றறிக்கை போட்டு எடுத்த முடிவு.

நான் வந்துகொண்டிருந்த காலத்தில் எல்லாக் கட்டமும் முடிந்த பிறகு, ஏப்ரல் கடைசியில், ஒரே பட்டியலாக முடிவு வரும். ஜனவரியில் வந்தவனும் ஏப்ரலில் வந்தவளும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். மாலைத் தூக்கத்தில் நாங்கள் செய்த அநியாயம் அதில் இருந்தது, வாஸ்தவம். ஆனாலும் இடம் இருந்தது. இந்த வருடம் இரண்டு மாற்றம் செய்தீர்கள். வாரா வாரம் வெள்ளிக்கிழமை அனுமதிக் கடிதம், ஏழு நாளில் பணம் கட்ட வேண்டும். இரண்டாவது, நேர்காணல் தேதியை விண்ணப்பதாரரே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம், முந்துபவருக்கே முன்னுரிமை. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் தப்பாகத் தெரியாது. சேர்த்துப் பார்த்தால், இணைப்பை யார் முதலில் திறந்தார் என்பதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். “முதலில் வருவோருக்கு முன்னுரிமைங்கிறது எல்லாருக்கும் பொதுதானே மேடம்?” தத்கால் டிக்கெட்டும் எல்லாருக்கும் பொதுதான். ஏசி வகுப்புக்குப் பத்து மணி, சாதாரண வகுப்புக்குப் பதினோரு மணி, நாடு முழுக்க ஒரே நேரம்தான். அது யார் கைக்குப் போகிறது என்று சென்ட்ரல் வாசலில் நிற்கும் எவரையாவது கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பெண்ணின் கதையைச் சொல்கிறேன். ஊர் திருவள்ளூர் பக்கம். வீட்டில் முதல் பட்டதாரி. சிறுசேரியில் ஒரு கால் சென்டரில் நைட் ஷிப்ட். தோழிகளோடு அங்கேயே அறை எடுத்திருக்கிறாள். உங்கள் விண்ணப்பக் கட்டணத்தைக் கட்ட அவள் ஒரு சம்பளத் தேதி வரை காத்திருந்தாள். அதிலேயே மூன்று வாரம் போயிற்று. பிறகு தேதி எடுப்பதற்கான இணைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. காலை ஏழரைக்கு வேலை முடிந்து வந்து எட்டரைக்குப் படுத்தவள், இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கிறாள். ஜனவரி நேரங்கள் நிரம்பிவிட்டன, பிப்ரவரியும் நிரம்பிவிட்டது. மிச்சம் ஏப்ரல் கடைசி நாளின் மாலை நேரங்கள்தான். ஐந்தேகாலை எடுத்தாள். என்னிடம் வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தாள்: “நல்லதாப் போச்சு மேடம், படிக்க நிறைய நாள் இருக்கு.” அவளுக்கு அப்படித்தான் பட்டது. தேதியின் விலை என்ன என்று நீங்கள் எங்குமே எழுதவில்லையே.

அண்ணா நகரிலும் தி. நகரிலும் பெரிய கட்டணம் கட்டி கோச்சிங் போகிற பிள்ளைகளுக்கு, இணைப்பு வந்த இரண்டாவது நிமிடம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. “முதல் கட்டத்தையே எடு, மற்றதைத் தொடாதே” என்று. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்தவன் முந்துவான். பந்திக்கு முந்து என்று சொல்லித்தானே வளர்த்தோம்? படிப்புக்கும் பந்தி விதிதான் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், அதை வாசலில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

அன்றைக்கு அவள் ஊரிலிருந்து ரயிலில் சென்ட்ரல் வந்து, மெட்ரோ பிடித்து, ஆட்டோ பிடித்து, நாலரைக்கே உங்கள் வாசலில் இருந்தாள். உள்ளே கூப்பிட்டது ஆறு நாற்பதுக்கு. வெளியே ஊழியர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. முதல் கேள்வி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டாவது, இந்த வேலையை ஏன் விடுகிறீர்கள். மூன்றாவது, எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா. மேஜையில் இருந்தவர்களை நான் திட்டப் போவதில்லை. என்ன நிலையில் இருந்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வீடு போய்ச் சேர இரவு பத்தரை ஆயிற்று என்றாள்.

நீங்கள் சொல்லப்போகும் காரணங்களும் எனக்குத் தெரியும். ஏப்ரல் வரை முடிவைத் தள்ளினால் நல்ல பிள்ளைகளை வேறு கல்லூரி கொத்திக்கொண்டு போய்விடும். எத்தனை இடம் நிரம்பியது என்று பிப்ரவரியிலேயே நிதிப் பிரிவுக்குத் தெரிய வேண்டும். நியாயம்தான், கல்லூரி நடத்துவது சும்மா இல்லை. அமெரிக்காவில் சட்டக் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் இப்படித்தான் விண்ணப்பம் வரவர அனுமதி கொடுத்துக்கொண்டே போகின்றன என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மை. அங்கே பல மருத்துவக் கல்லூரிகள் அக்டோபர் 15-இலிருந்து அனுமதி கொடுக்க ஆரம்பிக்கின்றன. பிந்தி வருபவருக்கு இடம் குறைவு என்பது அங்கே விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதற்காகவே ஜூன் மாதத்தில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் அந்த ஊர் முறையில் உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொண்டீர்கள். ஊருக்குச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டீர்கள்.

“உண்மையில் தகுதியுள்ளவர் எப்போது வந்தாலும் தேர்வாவார்” என்பது இன்னொரு பதில். முதல் இருபது பேருக்கு அது சரி. கடைசி இருபது பேருக்கு எந்தத் தேதி கொடுத்தாலும் பலனில்லை, அதுவும் சரி. நடுவில் நிற்கிற பெரிய கூட்டத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே அரை மதிப்பெண், கால் மதிப்பெண்தான் வித்தியாசம். அங்கேதான் தேதி தலையெழுத்தாகிறது. நான் பழக்குகிற பிள்ளைகள் எல்லாருமே அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார்கள்.

இந்த ஊருக்கு இது புதுச் சண்டையும் இல்லை. 1970-இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரியகருப்பன் வழக்கு என்பார்கள். கல்லூரிகளைப் பல அலகுகளாகப் பிரித்து, அலகுக்கு ஒரு தேர்வுக் குழு போட்டு நேர்காணல் நடத்தினார்கள். ஓர் அலகில் அதிக மதிப்பெண் வாங்கியவர் வெளியே நிற்க, இன்னோர் அலகில் குறைவாக வாங்கியவர் உள்ளே போனார். அப்படி அலகு அலகாக இடம் பிரித்தது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் தனியார் நிறுவனம், அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டாது என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த அலகில் விழுந்தாய் என்பது செல்லாது என்றால், எந்த வாரத்தில் விழுந்தாய் என்பது மட்டும் எப்படிச் செல்லும் என்றுதான் கேட்கிறேன்.

கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். 1997-இலிருந்து பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. 2018-இல் அது இணையத்துக்கே போய்விட்டது. இரண்டு பேர் கணக்கு, இயற்பியல் தொடங்கிப் பிறந்த தேதி வரை எல்லாவற்றிலும் சமமாக வந்தால் ரேண்டம் நம்பர் பார்ப்பார்கள். யார் விண்ணப்பத்தை முதலில் அனுப்பினார் என்று பார்ப்பதில்லை. நேர்காணல் உள்ள இடம்தான் வேண்டும் என்றால் குடிமைப் பணித் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்காணலுக்கு. வாரக்கணக்கில் நடக்கிறது, காலையிலும் நடக்கிறது மதியத்திலும் நடக்கிறது. எல்லோருக்கும் முடிந்த பிறகுதான் முடிவு. முதல் வாரத்தில் போனவருக்கு முதல் வாரமே பணி ஆணை கொடுத்து அனுப்பினால் நாடு சும்மா இருக்குமா?

இனி, நான் கேட்பவை.

அடுத்த வருடத்திலிருந்து எல்லா நேர்காணல்களும் முடிந்த பிறகே முடிவை வெளியிடுங்கள். அது முடியவே முடியாது என்றால், ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை இடம் என்று முதலிலேயே பிரித்து, விண்ணப்பம் திறக்கும் நாளிலேயே அறிவித்துவிடுங்கள். ஏப்ரல் பிள்ளைகளின் பங்கை ஜனவரியில் தொடாதீர்கள்.

தேதியையும் நேரத்தையும் குலுக்கிப் போட்டு நீங்களே ஒதுக்குங்கள். இரவுப் பணி, செமஸ்டர் தேர்வு, வீட்டில் ஒரு சாவு என்று காரணம் சொல்பவருக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள். இதற்கு ஒரு கணினி நிரலும் ஒரு எழுத்தரும் போதும்.

ஒரு குழுவுக்கு ஒரு நாளில் பன்னிரண்டு பேருக்கு மேல் அனுப்பாதீர்கள். கூடுதல் குழு போட்டால் செலவு என்பீர்கள். விண்ணப்பக் கட்டணத்தில் அந்தச் செலவையும் சேர்த்துத்தானே வாங்குகிறீர்கள்? கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி இருபது வருடத்துக்கு முன்பே ஒற்றை நீண்ட நேர்காணலை உடைத்து, வெவ்வேறு தேர்வாளர்களிடம் பல குறும்நேர்காணல்களாக ஆக்கிவிட்டது. ஒருவர் தூங்கி வழிந்தாலும் மற்றவர்கள் விழித்திருப்பார்கள். அதைப் பரிசீலியுங்கள். அதோடு ஒவ்வொரு நேர்காணலையும் பதிவு செய்யுங்கள். நேர்காணலை ஒலிநாடாவில் பதிவது விரும்பத்தக்கது என்று அஜய் ஹசியா என்ற கல்லூரிச் சேர்க்கை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொன்னது. இன்று பதிவு செய்கிற செல்போன் இல்லாத சட்டைப்பை இல்லை.

இந்த வருடத்துக்கு: ஏப்ரல் கட்டத்தில் நேர்காணலுக்கு வந்து காத்திருப்போர் பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரையும், காலை நேரத்தில், அவர்களை முன்பு பார்க்காத ஒரு குழுவிடம் மறுபடியும் அனுப்புங்கள். பணம் கட்டாமல் காலியாகும் இடங்களை அந்த முடிவு வந்த பிறகு நிரப்புங்கள். ஒவ்வொரு நேர்காணல் நாளிலும் காலையில் எத்தனை இடம் மிச்சம் இருந்தது என்பதை உங்கள் அறிவிப்புப் பலகையில் தேதிவாரியாகப் போடுங்கள். இடம் அறவே இல்லாத நாளில் யாரையாவது அழைத்திருந்தால், அவர்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தையும் பயணச் செலவையும் திருப்பிக் கொடுங்கள். மே மாதம் முடிவதற்குள் எழுத்து மூலமாகப் பதில் வேண்டும், எனக்கு இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கு.

நீங்கள் கூப்பிட்டால் என் ஏழு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்து உங்கள் முன் வைக்கத் தயார். என்னை மறுபடி தேர்வாளராக அழைக்கும் எண்ணம் இருந்தால், மாலை நாலு மணிக்கு மேல் என் மேஜைக்கு ஒருவரையும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் நேர்காணல் குழு உறுப்பினர்களில் ஒருத்தி,
பெரம்பூர், சென்னை